ஆலந்தலையைத் தாண்டிப் போன பாய்

ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டனவே, அதற்கு அடுத்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலம். ரங்கூன் அரிசி வரத்து நின்றுபோய், தூத்துக்குடிக் கடைகளில் மரவள்ளிக் கிழங்குக்கு ஆட்கள் வரிசை நின்றார்கள். துறைமுக விளக்குகளுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தது. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. மேடு வந்தால் நாம்தான் இறங்கித் தள்ள வேண்டும். எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். பாய் வள்ளம் ஒன்றில் வேலை.

அதைப் பற்றி இப்போது பேசக் காரணம், போன மாதம் என்னைப் பார்க்க வந்த இளம் டாக்டர்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரை ஊர்களில் இலவச மருத்துவ முகாம் போடப் போகிறார்களாம். "நீங்க அந்தக் காலத்துலயே இப்படி ஒண்ணுக்குப் போயிருக்கீங்களாமே, எப்படிப் போனீங்க?" என்று கேட்டார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி தட்டுகிறாள்.

தூத்துக்குடியில் ஒரு தரும ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே எஸ்தர் என்று ஒரு டாக்டரம்மா. பாளையங்கோட்டைக்காரி, முப்பது வயதுக்குள்தான். பெரியதாழையில் வாந்திபேதி விழுந்திருப்பதாகத் தகவல் வந்ததும், தடுப்பூசியும் நரம்பில் ஏற்றுகிற உப்புத் தண்ணீர்ப் புட்டிகளும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வழியில் உள்ள ஊர்களுக்கும் ஊசி போட்டுவிடலாம் என்பது ஏற்பாடு. திருச்செந்தூர் வரை ரயிலில் போகலாம். அதற்குத் தெற்கே மணல் பாதை. மாட்டு வண்டியில் புட்டிகள் உடைந்துவிடும் என்று கடல் வழியைத் தேர்ந்தார்கள். எங்கள் வள்ளத்துக்கு அழைப்பு வந்தது. வாடகை பேசவில்லை, சாப்பாடு மட்டும்.

வள்ளத்தை ஓட்டிய தண்டல் கபிரியேல் அண்ணாச்சி. ஐம்பது வயதைத் தாண்டியவர். அவருடைய ஒரே மகள் லூர்தை ஆலந்தலையில் கட்டிக்கொடுத்திருந்தார். அந்த மாதத் தொடக்கத்தில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தலைப்பிரசவத்தைத் தாய் வீட்டில் பார்ப்பதுதான் முறை. அண்ணாச்சியின் மனைவி இறந்துபோய்விட்டதால், மாமியார் வீட்டிலேயே பிரசவம் நடந்தது. அதில் அவருக்குத் தாங்க முடியாத வெட்கம். பேத்தியைப் பார்க்க இன்னும் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "கைய வீசிக்கிட்டு சம்பந்தி வீட்டு வாசல்ல போயி நிக்கச் சொல்லுதியா லே?" என்றார். பிள்ளை பெற்றவளுக்குக் காயம் என்கிற மருந்துக் களி கிண்டக் கருப்பட்டியாவது வேண்டும். அந்தப் பஞ்சத்தில் தூத்துக்குடியில் அதுவும் கண்ணில் படவில்லை.

விடிகிற நேரம் புறப்பட்டோம். வாடைக்காற்று வடக்கிலிருந்து முதுகில் தள்ள, முற்பகலுக்குள் புன்னக்காயல். இன்றைய கணக்கில் இருபது கிலோமீட்டருக்குக் கூடக்குறைய இருக்கும். ஆற்று முகத்துவாரம் என்பதால் நல்ல தண்ணீர் கிடைக்கும். நீங்கள் படகில் போனாலும் அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

புன்னக்காயலில் ஊசி என்றதும் கூட்டம் ஓரடி பின்னால் போனது. மீன் விற்கிற அம்மா ஒருத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏளா டாக்டரு, நீ வேற சபைக்காரியாமே! ஒன் ஊசியக் குத்திக்கிட்டா நான் பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா சிரிக்காமல், "அக்கா, ஊசிக்கு இன்னும் யாரும் ஞானஸ்நானம் குடுக்கல. அது எந்தச் சபையும் கெடையாது" என்றார்.

கரையே சிரித்தது. தண்டல் அண்ணாச்சி சட்டைக் கையைச் சுருட்டி முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார். "ஏலே, ஆமை கடிச்ச மாதிரிகூட இல்ல, வாங்கலே" என்று அவர் கத்தியபிறகு ஆட்கள் வந்தார்கள். மாலை வரை வேலை. அன்று அங்கேயே தங்கினோம்.

மறுநாள் சூசையப்பர் திருநாள். காயல்பட்டினத்துப் பள்ளி மினாராக்களையும் திருச்செந்தூர்க் கோபுரத்தையும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே போனோம். (இடையில் இப்போது தெரிகிற சாகுபுரம் ஆலை அன்று இல்லை, அந்தப் பெயரே இல்லை.) உச்சி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆலந்தலை தெரிந்தது. கட்டுமரங்கள் எல்லாம் மேட்டில் ஏற்றிக் கிடந்தன. கரையில் ஒரு ஆள் இல்லை.

"அண்ணாச்சி, இங்கன எறங்கணும்லா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அண்ணாச்சி கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "திருநாளும்மா. மரமெல்லாம் ஏத்திப் போட்டுட்டு சனம் கோயில்ல இருக்கும். ஊசிக்கு ஒருத்தனும் வரமாட்டான். பெரியதாழையிலதான ஆளுக படுத்துக் கெடக்கு? அங்க முடிச்சிட்டு, சோழகம் திரும்பினதும் இங்கன வந்துருவோம்."

அவர் சொன்னது கடல்காரன் கணக்கு. எங்கள் ஊர்களில் திருநாளன்று மரம் இறக்க மாட்டோம். கடலிலிருந்து பார்ப்பவன் மேட்டில் கிடக்கிற மரங்களைப் பார்த்துத்தான் கரையைப் புரிந்துகொள்வான். பங்குனியில் எந்த நாளும் தெற்கிலிருந்து சோழகக்காற்று தொடங்கலாம். அது வந்தால் திரும்புவது சுலபம். அவர் சொல்லாத கணக்கும் ஒன்று இருந்தது. பெரியதாழைப் பக்கம் பனை அதிகம், அப்போதுதான் பதநீர் இறங்கத் தொடங்கியிருந்தது. அங்கே போனால் புதுக் கருப்பட்டி கிடைக்கும். ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு மகள் வீட்டு வாசலில் தலை நிமிர்ந்து இறங்கலாம்.

ஊரைத் தாண்டித் தெற்கே வந்துவிட்டோம். காற்று ஊர்ப்பக்கமிருந்து எங்களை நோக்கி வீசியது. ஆட்டுக்குட்டி கத்துவதுகூடக் கேட்டது. டாக்டரம்மா திரும்பிப் பார்த்தபடி, "ஒங்க திருநாளுக்கு மணி அடிக்க மாட்டாங்களா அண்ணாச்சி?" என்றார்.

சாதாரணமாகத்தான் கேட்டார். அண்ணாச்சி சுக்கானைப் பிடித்த கையை அசைக்காமல் காது கொடுத்தார். நானும் கேட்டேன். திருநாள் உச்சி வேளையில் மணி அடிக்காத கோயில் எங்கள் கரையில் கிடையாது.

"லேய், பாயத் திருப்பு" என்றார்.

திருப்பினோம். எதிர்க்காற்று, அடியில் நீரோட்டமும் தெற்கே இழுத்தது. வள்ளத்தைக் கரைக்கும் கடலுக்குமாக ஓட்டி ஓட்டிப் பார்த்தும், கோயில் முகப்பு சின்னதாகிக்கொண்டே போனது. கடைசியில் டாக்டரம்மாவே, "பெரியதாழையில நமக்காகக் காத்துக் கெடக்காங்க. முதல்ல அங்க போவோம் அண்ணாச்சி" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆலந்தலையில் நோய் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. மணி அடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து என்ன முடிவு செய்வது? அண்ணாச்சியும், "கயிறு அறுந்திருக்கும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

பெரியதாழையில் பிற்பகலில் இறங்கினோம். கோயிலை ஒட்டி ஒரு ஓலைக் கொட்டகை. அதில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். டாக்டரம்மா வந்த சேலையோடு உட்கார்ந்துவிட்டார். கூரை வாரியில் புட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, கை நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினார். கண் உள்ளே போய், குரல் செத்துக் கிடந்த ஒரு வலைக்காரன், ஒரு புட்டி இறங்கி முடியும்போது எழுந்து உட்கார்ந்து, "கஞ்சி இருக்கா?" என்று கேட்டான். என் கண்ணால் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் பின்னால் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன் என்று நினைப்பதுண்டு.

அண்ணாச்சியும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கரைக்குப் போய்க் காற்றைப் பார்த்தார். வாடை நின்றபாடில்லை. வரும்போது கையில் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி இருந்தது.

மறுநாள் காலையில் கருப்பட்டி ஏற்றிக்கொண்டு போக உடன்குடிப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் வந்தார். ஆலந்தலைக்கு வருவீரா என்று நான் கேட்டேன்.

"ஆலந்தலைக்கா? அங்கன எதுக்கு வே போறீரு? அங்கயும் விழுந்துட்டு. நாலு நாளா எடுக்கதும் பொதைக்கதுமா இருக்கு. துக்க மணி அடிச்சு அடிச்சுச் சனம் பயந்து சாவுதுன்னு பங்குச் சாமியாரு மணியவே நிப்பாட்டிட்டாரு."

பின்னால் அண்ணாச்சி நின்றிருந்தார். பெட்டியை மணலில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

வண்டிக்காரர் முதலில் மூன்று ரூபாய் கேட்டார். அண்ணாச்சியின் மகள் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்ததும் கூலியைப் பற்றிப் பேசவே இல்லை. மிச்சப் புட்டிகளை வைக்கோலில் பொதிந்து, டாக்டரம்மா மடியில் இரண்டும் என் மடியில் இரண்டுமாக வைத்துக்கொண்டு புறப்பட்டோம். பெரியதாழையிலிருந்து ஆலந்தலை பதினைந்து மைல் இருக்கலாம். மணலில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அண்ணாச்சி குதித்துத் தோள் கொடுத்தார். மற்ற நேரம் வண்டிக்கு முன்னால் நடந்தார். குலசேகரப்பட்டினத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நின்றதற்கு வண்டிக்காரரைத் திட்டினார்.

பிற்பகலில் போய்ச் சேர்ந்தோம். மருமகன் இன்னாசி வாசலில் தலைமுடியில் மண்ணோடு உட்கார்ந்திருந்தான். கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. லூர்து அன்று விடியலில் போய்விட்டாள்.

அண்ணாச்சி கருப்பட்டிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

இன்னாசிதான் பேசினான். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நேத்து உச்சிக்குத் தண்ணி கேட்டா மாமா. சன்னல்ப் பக்கம் தூக்கி ஒக்கார வச்சேன். ஒங்க பாயப் பாத்தா. பாயில அந்தச் செவப்பு ஒட்டுத்துணி தெரியும்லா, அவ தச்சதுதான. 'அப்பா போறாவ'ன்னு சொன்னா. நான் ஓடிப்போயித் துணிய வீசட்டுமான்னு கேட்டேன். 'வேண்டாம், வெறுங்கையோட வரக் கூச்சப்படுவாவ. கருப்பட்டி வாங்கப் போறாவ, வாங்கிட்டு வருவாவ'ன்னா."

அண்ணாச்சி அழவில்லை. பெட்டியை நான் வாங்கி வைத்தேன்.

டாக்டரம்மா அதற்குள் பக்கத்துக் குடிசைக்குள் போயிருந்தார். பிற்பாடு ஒரு நாள் அவரிடம் கேட்டேன்: முந்தின நாள் உச்சிக்கு இறங்கியிருந்தால் லூர்து பிழைத்திருப்பாளா என்று. "தெரியாது சூசை" என்றார். அது இரக்கத்தில் சொன்ன பதில் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் கேட்கிற அளவு தெம்பு இருந்தவள் அவள்.

அந்த மிச்சப் புட்டிகளால் ஆலந்தலையில் சிலர் பிழைத்தார்கள். ஊர் முழுக்க ஊசி போட்டோம். இந்த முறை யாரும் பின்வாங்கவில்லை, கேலியும் இல்லை. லூர்தின் குழந்தைக்கு, அண்டை வீட்டில் பிள்ளை பெற்றிருந்த சகாயம் என்பவள் பால் கொடுத்தாள். கருப்பட்டி அவளுக்குக் காயம் கிண்டத்தான் போனது. அதை அண்ணாச்சியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் தண்டலாக இருந்தவரை ஆலந்தலையைத் தாண்டிப் போனதில்லை. சரக்கு அவசரம் என்று முதலாளி குதித்தாலும் சரி, காற்று அருமையாக இருந்தாலும் சரி, பாயை இறக்கிக் கரைக்குப் போவார். சில நாள் பேத்தியைத் தூக்குவார். சில நாள் மணலில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார். கையில் எதுவும் கொண்டுபோக மாட்டார்.

முகாம் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இப்போது தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. அங்கிருந்து ஆலந்தலைக்கு ஆட்டோவிலேயே போய்விடலாம். மணப்பாடு, பெரியதாழைக்குக் கடற்கரையை ஒட்டியே தார் ரோடு; மாசி, பங்குனியில் போங்கள், வெயில் தாங்கும். வழியில் முதலில் வருகிற ஊரில் இறங்குங்கள். பெரிய நோய் தூரத்து ஊரில் என்று தகவல் இருந்தாலும், பத்து நிமிஷம் இறங்கி யாரிடமாவது கேட்டுவிட்டுப் போங்கள். தூரத்திலிருந்து பார்த்து, இன்று விசேஷ நாள், ஆள் வரமாட்டார்கள் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மருந்து குறைவாக இருக்கிறது, கொடுக்க ஒன்றும் இல்லை என்று கூச்சப்பட்டு ஒரு ஊரைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

கபிரியேல் அண்ணாச்சி போய் வெகுகாலம் ஆகிறது. டாக்டரம்மாவைப் பாளையங்கோட்டையில் அடக்கம் செய்தார்கள், நான் போயிருந்தேன். இன்னாசியும் இல்லை, சகாயமும் இல்லை. அந்தப் பங்குனியைச் சேர்ந்தவர்களில் என்னைத் தவிர ஒருத்திதான் மிச்சம். ஆலந்தலையில் கோயிலுக்குப் பின் தெருவில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். பழம், பிஸ்கட் என்று எதையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், போன வருஷம் நான் அரைக் கிலோ மிக்சர் கொண்டுபோய், "வாரதுக்கு என்னத்துக்கு ஒரு சாமான்? ஆளு வந்தாப் போதாதா?" என்று வாசலிலேயே திட்டு வாங்கினேன். வெறுங்கையோடு போய்க் கதவைத் தட்டுங்கள். லூர்தின் மகள் திறப்பாள். பிரகாசியம்மாள்.