நான் விழுங்கிய இரண்டெழுத்து

‘உரிமதாரர் தமது நாட்டுத் துப்பாக்கியில் கருமருந்து மட்டுமே கெட்டித்து, பயிரை மேய வரும் விலங்குகளை விரட்டச் சுடலாம்.’

விதி இவ்வளவுதான். இதில் ‘கரு’ என்ற இரண்டெழுத்தை விழுங்கியவன் நான்! அதோடு நில்லாமல், அந்தப் பிழையை வைத்தே ஒரு விசாரணையை ஜெயித்தவனும் நான்.

அப்போது துப்பாக்கி உரிமப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். நாகலூர் மாதேசுவின் உரிமத்தில் ‘மருந்து மட்டும்’ என்று எழுதிவிட்டேன். கவனக்குறைவு... கையொப்பமிட்ட மேலதிகாரி அதைப் படிக்கவில்லை. அவர் எதைத்தான் படித்தார்!

ஓய்வுக்குப் பின் நாகலூரிலேயே குடியேறினேன், மாதேசுவின் காப்பித் தோட்டத்துக்கு எதிரிலேயே. காட்டுப்பன்றி வாழையைச் சாய்க்க வந்தால் கருமருந்தைக் கெட்டித்து, வெறும் வெடிச் சத்தம் போட்டு விரட்டுவான். பிறகு பட்டாசைப் பிரித்து, அதிலிருக்கும் வெள்ளி நிறத் தூளைக் கெட்டிக்கத் தொடங்கினான்.

“பன்னிக்கெல்லாம் பழைய சத்தம் பழகிப் போச்சுங்க சார். இப்ப ஒரு வெடி போட்டா குப்பனூர் வரைக்கும் ஓடுதுங்க!”

நானும் சிரித்தேன். அந்தத் தூள் குழலையே பிளக்கும் என்று தெரிந்தேதான் சிரித்தேன்.

ஒரு சோதனையில் தூளும் துப்பாக்கியும் சிக்கின. பறிமுதல் செய்தார்கள். மாதேசு உரிமத்தோடு என்னிடம் ஓடிவந்தான். பிரித்துப் பார்த்தேன். என் கையெழுத்து! எனக்கு வியர்த்தது என்று எழுதினால் நம்புவீர்கள். இல்லை, மகிழ்ந்தேன்.

மாதேசுவின் மனைவி சரசு தனியாக வந்து நின்றாள். “துப்பாக்கி வந்தாலும் வரட்டுங்க சார். அந்தப் பட்டாசு மருந்து வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாருங்க. எனக்கு நொம்பப் பயமா இருக்குதுங்க.”

“மொதல்ல துப்பாக்கி வரட்டும், சரசு.”

விசாரணை நாள்! இத்தனை ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன், இந்தப் பக்கம் அமர்ந்தேன்.

“சார், இது பட்டாசு மருந்துங்க” என்றார் இளம் அதிகாரி.

“மருந்துன்னு நீங்களே சொல்லிட்டீங்க. உரிமத்துல என்ன இருக்கு? படிங்க.”

“மருந்து... அப்படிப் பார்த்தா பூச்சி மருந்தும் மருந்துதானுங்களே?”

“அதையும் நீங்க தடுக்கலியே!”

அறையே சிரித்தது. உரிமத்தில் இல்லாத நிபந்தனையை மீறியதாக எவரையும் தண்டிக்க முடியாது என்று முடித்தேன். துப்பாக்கி திரும்பியது. நாகலூர் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம்; இறங்கியதும் கழுத்தில் மாலை. பணியிலிருந்த காலம் முழுவதும் எனக்கு யாரும் மாலை போட்டதில்லை! அந்த மகிழ்ச்சியை இன்றும் என்னால் மறுக்க முடியவில்லை...

மறுநாள் காலை, உரிமத்தில் எழுத்துப் பிழை, திருத்துக என்று முறைப்படி மனு அனுப்பினேன். காகிதத்தில் நான் சுத்தம், பார்த்தீர்களா? எதிர் வீட்டுக்கு நடந்து, வாயால் சொல்ல மட்டும் கால் எழவில்லை. சொன்னால் என் வெற்றி என்னாவது?

மாதேசுவுக்கு இப்போது பயமே இல்லை. “சர்க்காரே சரின்னுட்டாங்க!” என்று கூடுதலாகக் கெட்டித்தான். குழல் பிளந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் போயின. இரண்டெழுத்து, இரண்டு விரல்... கணக்கு எப்படிச் சரியாக இருக்கிறது!

சேலம் ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்ததும், தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் என் வாசலுக்கு வந்தான். “நீங்க இல்லீனா அன்னிக்குத் துப்பாக்கியே வந்திருக்காதுங்க சார்” என்று கும்பிட்டான். எட்டு விரல்களால். சரசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் நிற்கும்போதே தபால்காரர் வந்தார். ‘மருந்து என்பதைக் கருமருந்து எனத் திருத்திப் படிக்கவும்.’ பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிட்டேன். நடைமுறைப்படி நாளும் குறித்தேன்.

தை முதல் வெள்ளி, நல்ல நாள்.