ஓட்டாமல் வைத்திருந்த கார்

ஐம்பத்திரண்டு வயதில், இடது முழங்காலில் ஜவ்வு போன ஒரு பெண்மணி, கிளட்ச் மிதித்து ஓட்டும் டர்போ கார் வாங்குவாளா? வாங்குவாள். நான் வாங்கினேன்.

நாங்கள் இருப்பது வங்காளத்தில். கரியாஹாட்டில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு மூன்று வருஷம் தள்ளலாம், அதற்குப் பிறகு கிளட்ச் மிதிப்பதை மறந்துவிடுங்கள், இப்போதே ஆட்டோமேட்டிக்குக்கு மாறிவிட்டால் புண்ணியம் என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார் மனுஷன். அவர் சொன்னதில் என் மண்டையில் ஒட்டிக்கொண்டது இரண்டு மூன்று வருஷம் என்பது மட்டும்தான். இருபது வருஷமாக நான் ஓட்டிக்கொண்டிருந்தது ஏசி போட்டால் மேம்பாலத்தில் மூச்சு வாங்கும் ஒரு குட்டிக் கார். மிதித்தால் இழுக்கிற வண்டி ஒன்றை, கால் நன்றாக இருக்கும்போதே, என் கையால் கியர் போட்டு ஓட்டிவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை.

என் கணவருக்கு கார் ஓட்டத் தெரியாது. கிண்டல் பண்ண மட்டும் தெரியும். "ஏம்மா, உன் காலுக்கு ஒரு நல்ல வாக்கிங் ஸ்டிக் பார்க்கலாம்னு நான் இருக்கேன். நீ ரேஸ் கார் பார்க்கிறியே" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

ஏழு வருஷம் பழைய ஜெர்மன் வண்டி. சிவப்பு. இரண்டு லிட்டர் டர்போ, இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. வெளிநாட்டில் குடியேறப் போகிற ஒருவர் விற்றார். பவானிபூரில் என் பழைய காரைப் பார்த்துக்கொண்டிருந்த சர்தார்ஜி மெக்கானிக்கை அழைத்துப் போனேன். அவர் எஞ்சினைத் திறக்கவே இல்லை. முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தரை விரிப்பைத் தூக்கி மூக்கை வைத்து மோந்தார். மழைக்காலத்தில் தெருவெல்லாம் குளமாகிற இந்த ஊரில் பழைய கார் வாங்குகிறவர்கள் அப்படித்தான் பார்க்க வேண்டும். எஞ்சின் பொய் சொன்னாலும் சொல்லும், பெல்ட் சொல்லாது என்பது அவர் கட்சி. "தண்ணி பார்க்காத வண்டி, பௌதி. கண்ண மூடிட்டு எடுங்க" என்று அவருடைய இந்தி கலந்த வங்காளத்தில் சொன்னார். பௌதி என்றால் அண்ணி.

எடுத்தேன். லேக் மார்க்கெட்டில் மாலை வாங்கிப் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அன்று சாயங்காலமே சனி பிடித்தது. சும்மா இருக்காமல், பழைய கார் விலை சொல்லும் ஆப் ஒன்றில் என் வண்டியின் விவரத்தைப் போட்டுப் பார்த்தேன். நான் கொடுத்ததைவிட ஏகத்துக்கும் குறைவாகக் காட்டியது. வாங்கி ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை! அந்த ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

இது எனக்கு ரத்தத்தில் ஊறியது. அப்பாவுக்கு ரயில்வே வேலை. கரக்பூர், ஆத்ரா, அசன்சோல் என்று மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல். மாற்றல் வந்தால் சாமான்களைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, விற்றுவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே எங்கள் வீட்டில் எல்லாப் பொருள்களும் விற்பதற்குத் தயாராகவே வாழ்ந்தன. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, அதன் தெர்மோகோலோடு கட்டிலுக்கு அடியில் இருக்கும். சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததே கிடையாது. வெயில் காலத்தில் தொடை அதில் ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் தோல் உரிகிற மாதிரி இருக்கும். ரிமோட் பாலிதீன் பைக்குள்ளிருந்தே வேலை செய்தது. குவார்ட்டர்ஸில் மதராஸி வீட்டுச் சாமான் விற்பனைக்கு என்று தெரிந்தால் போதும், வங்காளிக் குடும்பத்தினர் முந்திக்கொண்டு வந்துவிடுவார்கள். வாங்கிய விலைக்கே விற்றேன் என்று சொல்லும்போது அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் எங்கள் குடும்பத்தின் வீரம்.

நானும் அந்த வீரத்தில் இறங்கினேன். ஒரு பைசா குறையாமல் இந்தக் காரை விற்றுக் காட்டுகிறேன் என்று வைராக்கியம் வந்துவிட்டது. வாங்கியதே ஓட்டத்தானே என்பது எப்படித்தான் மறந்ததோ! மழை தூறினால் வண்டி வெளியே போகாது. மாதம் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கிடையாது. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் மூவாயிரத்தைத் தாண்டக் கூடாது. உள்ளே யாரும் எதுவும் தின்னக் கூடாது, இந்த ஊர் சமோசாவான சிங்காடாவின் வாசனைகூட வரக் கூடாது. பழைய குட்டிக் காரை விற்றாகிவிட்டது, ஆகவே ஆபீசுக்கு மெட்ரோவில் போனேன். கீழே நாற்பது படி, மேலே நாற்பது படி. ஜவ்வு போன முழங்காலை வைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினேன். கார் துணி உறைக்குள் ஜம்மென்று தூங்கியது.

"பேசாம வாசல்ல டிக்கெட் போட்டு வசூல் பண்ணு. நம்ம தெருவுக்கும் ஒரு மியூசியம் வேணும்ல" என்றார் கணவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உறையை எடுத்துத் துடைத்து மறுபடி மூடுவதைப் பார்த்து, "குளிப்பாட்டியாச்சா? பால் குடுத்தியா?" என்பார். ஒரு நாள் துடைக்கிற துணியை அவர் மேல் வீசினேன்.

பதினொரு மாதத்தில் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். அப்படியும் ஆப்பில் விலை மாதாமாதம் இறங்கியது. ஓட்டினாலும் இறங்குகிறது, ஓட்டாவிட்டாலும் இறங்குகிறது. அழுகை அழுகையாக வந்தது. எட்டு வருஷம் ஆவதற்குள் தள்ளிவிடுவோம் என்று விளம்பரம் கொடுத்தேன்.

ஞாயிறு காலை ஒரு தம்பி வந்தான். கோயமுத்தூர்க்காரன், இங்கே ஐடி கம்பெனி வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறதாம். உறையை எடுத்ததும் பையன் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான், படுத்துப் பார்த்தான், சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தான். விவரமான ஆள்தான்.

"அக்கா, இந்த மாடல்ல இத்தன சுத்தமா ஒரு வண்டிய நான் பாத்ததே இல்லீங்க. எனக்குன்னே யாரோ எடுத்து வெச்ச மாதிரி இருக்குதுங்க."

எனக்குப் பெருமையாக இருக்க வேண்டும். ஏனோ சுருக்கென்றது.

ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கொடுத்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், கணவர் பின்னால். பைபாஸில் ரோடு காலியாக இருந்தது. அவன் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கி, மிதித்தான். முள் மூவாயிரத்தைத் தாண்டியது, நாலாயிரம், ஐயாயிரம். முதுகு சீட்டில் அழுந்தியது. எஞ்சினிலிருந்து கரகரவென்று ஆரம்பித்து உச்சத்துக்குப் போன ஒரு சத்தம் வந்தது. பின்னாலிருந்து என் கணவர் "ஐயோ அம்மா" என்றார்.

என் காரில் அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை.

அவன் ஓரமாக நிறுத்தினான். முகமெல்லாம் சிரிப்பு. "பேரம் எல்லாம் பேசலீங்க்கா. நீங்க என்ன குடுத்து வாங்குனீங்களோ அத அப்படியே தர்றேனுங்க. இன்னிக்கே டோக்கன் அட்வான்ஸ் போட்டுடறேன்."

வாங்கிய விலை. ஒரு பைசா குறையவில்லை. அப்பா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருப்பார். எனக்கோ பொத்துக்கொண்டு வந்தது கோபம். அந்தப் பிள்ளை மேல் இல்லை, என் மேல்தான். கால் போவதற்குள் ஓட்ட வேண்டும் என்று வாங்கிவிட்டு, அந்தக் காலால் மெட்ரோ படி ஏறி, இவனுக்காகப் பதினொரு மாதம் வாட்ச்மேன் வேலை பார்த்திருக்கிறேன். சம்பளம்கூட இல்லாமல். கார் விலையைப் போட்டுப் பார்க்க ஆப் இருந்தது. போன பதினொரு மாதத்தை எதில் போட்டுப் பார்ப்பது? அந்தக் கணக்கில் எனக்கு நஷ்டம்தான், அது இனி திரும்பி வராது.

"இறங்குப்பா" என்றேன்.

"ஏனுங்க்கா? விலை பத்தலீங்களா? இன்னும் கொஞ்சம் சேத்து..."

"விலையெல்லாம் சரிதான். நான் விக்கல. உன்னை வீணா அலைக்கழிச்சிட்டேன், தப்பு என் மேலதான். என்னைத் திட்டிக்கோ. ஆனா வண்டியை நான் ஓட்டணும்."

சொன்ன வார்த்தையை மாற்றியது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவன் திட்டவில்லை. சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, "நானா இருந்தாலும் குடுக்க மாட்டேனுங்க" என்று இறங்கி இடம் மாறினான்.

"முழுசா மிதிங்க்கா. ஒண்ணும் ஆகாதுங்க, அதுக்குத்தான் செஞ்சு வெச்சிருக்கறான்."

மிதித்தேன். ஒவ்வொரு கியருக்கும் முழங்காலில் ஊசி குத்தியது. குத்தட்டும் என்று மாற்றினேன். முள் ஐயாயிரத்தைத் தொட்டபோது நானே சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பின்சீட்டில் கணவர் இந்த முறை கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நல்ல மழை. ஆபீசுக்குக் காரில் போனேன். அந்த வாரமே ஒரு மினிபஸ் இடது கதவில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனது. இறங்கி, கண்டக்டரை வங்காளத்தில் எனக்குத் தெரிந்த அத்தனை வார்த்தையிலும் திட்டிவிட்டு, ஏறி ஓட்டிக்கொண்டு போனேன்.

இப்போது மீட்டர் நாற்பத்தோராயிரத்தைத் தாண்டிவிட்டது. கடற்கரை ஊரான பூரிக்கு இரண்டு முறை போய் வந்தாயிற்று. சீட்டில் சிங்காடா எண்ணெய்க் கறை இருக்கிறது, அது கணவர் உபயம். அடுத்த வருஷம் இந்தக் கால் கிளட்சுக்கு ஆகாது என்று எனக்கே தெரிகிறது. அப்போது இதை விற்றுத்தான் ஆக வேண்டும். வருகிறவர் கதவைப் பார்ப்பார், மீட்டரைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். பிதுக்கட்டும். அவருக்கென்று இதில் பெரிதாக எதையும் மிச்சம் வைப்பதாக இல்லை.