தலையைப் பிடிக்க ஒரு ஆள்

முதல் ஞாயிற்றுக்கிழமை பொம்மையின் இடது காலை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். பழைய பேப்பரில் சுற்றி, கைப்பையின் அடியில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தேன். மிச்சப் பொம்மை வீட்டில் என் கட்டிலுக்கு அடியில், பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. முழுசாகக் கொண்டுபோய் முன்பின் தெரியாதவர்கள் கையில் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

அந்த முன்பின் தெரியாதவர்களில் ஒருத்தி, ஈப்போவில் பொத்தானும் நூலும் லேசும் விற்கிற கடை வைத்திருந்த அக்கா. எண்பதுகளில் நான் தையல் ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். ஒருநாள் வேலை முடிந்து ஊசி வாங்கப் போனபோது, அவளுடைய கண்ணாடி அலமாரியில் ஒரு பொம்மை நின்றுகொண்டிருந்தது. பீங்கான் முகம். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று மூட்டுக்கு மூட்டு உருண்டை வைத்த உடம்பு. உட்கார வைத்தால் உட்காரும், கையைத் தூக்கினால் தூக்கியபடி நிற்கும். எங்கள் வீட்டு டின்னில் துண்டு துண்டாகக் கிடந்ததும் இதே வகைதான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. அக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கிட்டயும் ஒன்னு இருக்கா? ஞாயித்துக்கெழம மத்தியானம் கொண்டு வா லா. நாங்க ஒக்காந்து சரி பண்ணுவோம். காசெல்லாம் ஒன்னும் வேணாம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உஷார்ப்படுத்தியது. நான் தோட்டத்துக்காரி. எங்கள் லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், கங்காணி சிரித்துக்கொண்டே வந்து மிட்டாய் கொடுத்தால், அடுத்த வாரம் எதற்கோ ஆள் தேவைப்படுகிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒன்றும் வேண்டாம் என்று சொல்கிறவர்களின் கையைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அதோடு அந்த டின்னுக்கு ஒரு கதை இருந்தது. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், நாங்கள் உழைத்தது. அம்மா துரை பங்களாவில் ஆயா. துரையின் மகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைப்பாள். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் குடும்பம் சீமைக்கே திரும்பிப் போய்விட்டது. போன பிறகு, துரை மகளின் பொம்மை எங்கள் லயத்து வீட்டில் இருந்தது. லயத்துக்கு அது வாய்க்கு அவல். குழாயடிக்கு அம்மா வந்தால் பேச்சு நிற்கும். குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தால் தொடரும். ஆயா கமுக்கமாக அமுக்கிவிட்டாள் என்று எல்லாரும் பேசினார்கள். ஒருவராவது முகத்துக்கு நேரே கேட்டார்களா என்றால் இல்லை. அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச காலத்தில் பொம்மை தானாகவே கழன்று விழுந்தது. அம்மா அதை டின்னில் போட்டு மூடினாள். பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம், டின்னும் வந்தது.

நியாயமாக வந்த பொருளை யாராவது இப்படி மூடி வைப்பார்களா? எனக்கும் அம்மா மேல் சந்தேகம்தான். அதை நானும் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் அந்தப் பொம்மை நிற்பதைப் பார்க்க ஆசை. ஆசை யாரை விட்டது?

யாராவது கேட்டால் சொல்ல, சொந்தக்காரர் கொடுத்தது என்று ஒரு பதிலைத் தயார் செய்து, பஸ்ஸில் போகும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே அக்காவோடு, முடி வெட்டும் கடை வைத்திருந்த ஒரு சீனப் பெண்ணும் இருந்தாள். வெட்டிப் போட்ட முடியில் பொம்மைகளுக்கு விக் செய்வது அவள் வேலை. நான் பேப்பரைப் பிரித்து ஒற்றைக் காலை மேசையில் வைத்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மத்ததெல்லாம் அடுத்த பஸ்ஸுல வருதா?" என்றாள் அக்கா.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் அவர்கள் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. காலைக் கையில் எடுத்து, அது மரத்தூளும் பசையும் சேர்த்து இறுக்கிச் செய்தது, தண்ணீர் பட்டால் ஊறிவிடும், காய்ந்த துணியால்தான் துடைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நம் ஊர் வெயிலுக்கு உள்ளே இருக்கிற எலாஸ்டிக் சீக்கிரம் செத்துவிடும், அதனால்தான் கழன்று விழுகிறது என்றார்கள். உருண்டை உரசும் இடத்தில் மெல்லிய தோல் ஒட்டினால் மூட்டு வழுக்காமல் நிற்குமாம். சீனப் பெண் தன்னிடமிருந்த தோலில் வட்டமாக வெட்டி, மலாயில் விளக்கிக்கொண்டே ஒட்டிக் கொடுத்தாள். யாரும் எதையும் ஒளிக்கவில்லை. இவ்வளவு சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு ஏதோ பெரிதாக வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வலது கையைக் கொண்டுபோனேன். போவதற்கு முன்னால் மூட்டுக் குழிக்குள் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். நல்லதை எடுத்துக்கொண்டு மட்டமானதை மாற்றிக் கொடுத்தால் கண்டுபிடிக்க வேண்டாமா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர்கள் கையையே பார்த்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் புள்ளி அப்படியே இருந்தது. இப்படியே ஒவ்வொரு துண்டாகக் கொண்டுபோனேன், ஒவ்வொரு புள்ளியும் பத்திரமாகத் திரும்பி வந்தது. அது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று. இது உனக்கு எங்கே கிடைத்தது என்று அவர்கள் கேட்கவே இல்லை. தோட்டத்திலிருந்து வந்த ஃபேக்டரிப் பெண்ணிடம் சீமைப் பொம்மை இருந்தால் யார்தான் கேட்க மாட்டார்கள்? கேட்காமல் இருக்கிறார்கள் என்றால், ஏற்கெனவே ஏதோ தெரிந்திருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து யாராவது வந்து சொல்லியிருப்பார்களோ என்றுகூட யோசித்தேன். என் பதில் நாக்கு நுனியிலேயே வீணாகக் கிடந்தது.

கடைசியில் உடம்பும் தலையும்தான் மிச்சம். இதற்குமேல் துண்டு துண்டாகக் கொண்டுபோக வழியில்லை. ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஒரு எலாஸ்டிக் உடம்புக்குள்ளேயே ஓடும். கால்களிலிருந்து வருகிற எலாஸ்டிக்கைக் கழுத்து ஓட்டை வழியாக மேலே இழுத்து, தலைக்குள் இருக்கும் கொக்கியில் மாட்ட வேண்டும். அவர்களிடம் தலையைக் கொடுக்காமல் நானே செய்துவிடலாம் என்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு முயன்றேன். பாதி இழுத்ததும் கை வழுக்கி, எலாஸ்டிக் படாரென்று உடம்புக்குள் போய் அடித்தது. நல்லவேளை, தலை மெத்தைமேல் இருந்தது. கழுத்தில் இருந்திருந்தால் அந்தப் பீங்கான் முகம் சில்லுச் சில்லாகப் போயிருக்கும். வேறு வழியில்லாமல் அந்த ஞாயிற்றுக்கிழமை டின்னோடு போனேன்.

அக்கா முதலில் உடம்பை எடுத்து, கழுத்து ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தாள். சீனப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் மாறி மாறி உள்ளே பார்த்தார்கள். துரையின் பெயர் ஏதாவது உள்ளே எழுதியிருக்கிறதோ? டின்னைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

அக்கா நீளமான இடுக்கியை விட்டு எதையோ மெதுவாக வெளியே எடுத்தாள். கறுப்பாக, காய்ந்து வெடித்த ஒரு பட்டை. முனையில் நூலை நெருக்கிச் சுற்றி, அவிழாதபடி முடிச்சுப் போட்டிருந்தது.

"சைக்கிள் டியூபு," என்றாள். "கத்திரிக்கோல்ல வெட்டியிருக்காங்க. எவ்வளவு சீரா இருக்கு பாரு. இது யாரு கட்டுனது?"

தெரியாது என்றேன். அது உண்மை.

"ஒங்க ஊட்டு ஆளுங்கதான். கடையில இப்படிக் கட்ட மாட்டாங்க. ஆனா ஒத்த ஆளா இத செய்ய முடியாது லா. ஒருத்தர் இழுக்கணும், ஒருத்தர் தலைய புடிக்கணும். யாருன்னு கேட்டு வையி. எனக்கு அந்த முடிச்சு கத்துக்கணும்."

பிறகு என்னிடம் தலையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். அவள் எலாஸ்டிக்கை இழுத்தாள், சீனப் பெண் கொக்கியை மாட்டினாள். இழுக்க இழுக்க எனக்குப் பயத்தில் கண் தானாக இறுக மூடிக்கொண்டது. கண்ணை மூடினாலும் கையை விடாதே என்று அக்கா சிரித்தாள். திறந்து பார்த்தபோது பொம்மை மேசைமேல் நின்றுகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு, இத்தனை வாரம் அடக்கி வைத்திருந்ததும் வந்துவிட்டது.

"இது எங்க கெடச்சதுன்னு நீங்க கேக்கவே இல்லயேக்கா."

"என்னுது எங்க கெடச்சதுன்னு நீ கேட்டியா?" என்றாள் அக்கா, அலமாரிப் பக்கம் தலையை ஆட்டி. அதற்குமேல் அதைப் பற்றிப் பேசாமல் பொம்மையைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பொம்மையை அவள் முன்னால் நிற்க வைத்தேன். மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியிலேயே விட்டுவிட்டு அதைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, பழக்கப்பட்ட மாதிரி அதன் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

உள்ளே சைக்கிள் டியூப் இருந்தது, யார் கட்டியது என்று கேட்டேன்.

"நாந்தான். கழுத்து ஆடுதுன்னு அந்தப் புள்ள அழுதுச்சு. மறுநாளு கெளம்புறாங்க. கட்டித் தாரேன்னு சாயங்காலம் ஊட்டுக்கு எடுத்தாந்தேன். வெள்ளென கொண்டு போறேன், பங்களா பூட்டிக் கெடக்கு. அவங்க ஏறிப் போன காடியும் போயிருச்சு."

"இத ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா?"

நான் உட்பட யாரும் கேட்கவில்லைதான். ஆனாலும் பழகிய புத்தி லேசில் போகுமா? ஒத்த ஆளாகச் செய்ய முடியாது என்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. துரை குடும்பம் கிளம்பும்போதே அப்பா எங்களை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டில் வேறு யாரும் கிடையாது. கதை இந்த இடத்தில் இடிக்கிறதே என்று போலீஸ்காரி மாதிரி கேட்டேன்.

"தனியா கட்ட முடியாதேம்மா. தலைய யாரு புடிச்சா?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதான்."

எனக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. லயமே அவளைத் திருடி என்று பேசியபோது அவளுக்கு இருந்த ஒரே சாட்சி நான்தான். அவள் சோறு போட்டு வளர்த்த அந்தச் சாட்சியும் இத்தனை வருஷம் ஊரோடு சேர்ந்து அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"பள்ளிக்கூடங்கூட போகாத வயசு ஒனக்கு," என்றாள் அம்மா, சட்டையை மறுபடியும் மடிக்க ஆரம்பித்தபடி. "ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு கண்ண இறுக்க மூடிக்கிட்ட. விட்றாதன்னு சொன்னேன். நீ விடல."