சீட் கவருக்கு அடியில் பெல்ட்

எங்கள் காரின் பின்சீட்டில் பெல்ட் இருக்கிறது என்ற உண்மை, கார் வாங்கி இரண்டு வருஷம் கழித்துத்தான் வீட்டில் வெளியானது. அதற்கும் என் ஏழு மாதப் பெண் பிறந்து வளர வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது என் மச்சாண்டார், ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். கார் வாங்கினால் மற்ற வீடுகளில் முதலில் டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். எங்கள் வீட்டில் சீட் கவருக்கு அளவெடுத்தார்கள். நிறம் கொஞ்சம் தப்பிப்போய் ஏற்றுமதியிலிருந்து திரும்பிய தோல், காபிப் பொடி நிறம், இரட்டைத் தையல், ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்த பைப்பிங். பின்சீட்டுக்கு ஒரே துண்டு. தெருவே வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனது.

அந்த ஒரே துண்டில்தான் வினை. தோல்காரர்கள் கண்ணுக்கு ஓட்டை என்றால் டேமேஜ். டேமேஜ் என்றால் ரிஜெக்ட். பெல்ட் மாட்டும் லாக் வெளியே தலைநீட்ட அந்தத் தோலில் மூன்று ஓட்டை போட அவருக்கு எப்படி மனசு வரும்? லாக் எல்லாவற்றையும் அடியில் அமுக்கி, மேலே கவரை இழுத்து எலாஸ்டிக் போட்டுக் கட்டிவிட்டார். பின்னால் உட்கார்ந்து பெல்ட் போடுகிற பைத்தியக்காரர் எங்கள் வம்சத்திலேயே இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை.

பிரசவ லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கியது. எனக்கு மாதனூரில் ஷூ கம்பெனியில், தைத்ததில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. வீட்டுக்காரருக்கு வேலூரில் ஆபீஸ். பாப்பாவை விடப்போகும் காப்பகமும் அவர் ஆபீஸ் பக்கத்திலேயே. ஆக, காலையில் மூவரும் கிளம்புவோம், மாதனூரில் நான் இறங்கிவிடுவேன், அங்கிருந்து வேலூர் வரை ஹைவேயில் அப்பாவும் மகளும் மட்டும். பெங்களூரில் இருக்கும் என் அக்கா, தன் பையனுக்கு வாங்கிய கார் சீட்டைக் கொடுத்தனுப்பினாள். பின்சீட்டில் வைத்து, காரின் பெல்ட்டாலேயே இறுக்கிக் கட்டுகிற வகை. குழந்தை முகம் காரின் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

மச்சாண்டார் அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இன்னாத்துக்கும்மா இது? மடியில வச்சிக்கினு போனா ஆவாதா?”

“மாதனூர்ல நான் எறங்கிட்டா அப்புறம் யாரு மடி மாமா? ஸ்டியரிங்கு மடியா?”

அவர் தம்பி சிரித்தார். சிரிப்பதற்கு அவருக்கு எப்போதும் நேரம் உண்டு.

பெல்ட் லாக்கை வெளியே எடுக்க கவரை அறுக்க வேண்டும் என்றேன். நான் ஏதோ தாலியை அறுக்கச் சொன்ன மாதிரி இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு மச்சாண்டார் பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொன்னார். “அறுக்கிறதெல்லாம் வேணாம். ரெண்டு வார் தச்சுத் தர்றேன். ஆனைய வேணா கட்டு, அறுந்தா என்ன கேளு.”

சொன்னபடி செய்தார். அதே காபிப் பொடி நிறத்தில் இரண்டு தோல் வார்கள். நைலான் நூல், மூன்று வரிசைத் தையல், முனையில் ரிவெட், பையில் போடுகிற பித்தளை பக்கிள். கவரின் மேலேயே வைத்துத் தைத்து, கார் சீட்டை இறுக்கிக் கட்டினார். அழகென்றால் அழகு. அவர் வீட்டு ஆட்கள், பக்கத்து வீட்டு ஆட்கள், எல்லாரும் தையலைத்தான் பார்த்தார்கள். வார் எதன்மேல் தைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், வாலுக்கு பைப்பிங் வைத்துத் தைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

உறவு வேறு, செக்கிங் வேறு. ஞாயிற்றுக்கிழமை கார் சீட்டில் பத்துக் கிலோ சீரகச் சம்பா மூட்டையை உட்காரவைத்து வார் போட்டேன். சர்வீஸ் ரோட்டில் கொஞ்சம் வேகமாகப் போய் பிரேக் அடிக்கச் சொன்னேன். முன்சீட்டில் மச்சாண்டார், அவர் பக்கத்தில் ஓட்டுவதற்குத் தம்பி. நான் ஓரமாக நின்று பார்த்தேன்.

பிரேக் அடித்ததும், அவர் சொன்னது சத்தியமான வார்த்தை, வார் அறுபடவில்லை. தையலில் ஒரு இழை பிரியவில்லை. கவர்தான் எலாஸ்டிக்கை உருவிக்கொண்டு வாரோடும் கார் சீட்டோடும் அரிசி மூட்டையோடும் கிளம்பி வந்து மச்சாண்டாரின் முதுகுப் பக்கம் மோதியது. அவர் இறங்கி வந்து முதலில் தையலைப் பார்த்தார்.

“தையலுக்கு ஒன்னும் ஆவல, பாத்தியா?” என்றார்.

“ஆவல மாமா. அரிசிக்குத்தான் பேஜாராப் போச்சு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூட்டை இருந்த இடத்தில் என் மகளை வைத்துப் பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, யாரையும் கேட்காமல், தோல் அறுக்கும் கத்தியை எடுத்து கவரில் மூன்று இடத்தில் கிழித்தேன். மச்சாண்டார் டீ குடிக்காமலே தன் வீட்டுக்குப் போனார்.

லாக் வெளியே வந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் கார் செய்தவனின் புத்தி தெரிந்தது. நடு இடத்தில் இடுப்புக்கு மட்டும்தான் பெல்ட், தோளுக்கு இல்லை. கார் சீட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த படமோ தோள் பெல்ட்டும் வேண்டும் என்றது. டிரைவருக்குப் பின்னால் தோள் பெல்ட் இருந்தது, ஆனால் லாக் ஒரு நீளமான பட்டையின் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது. பெல்ட்டை இழுத்தால் லாக் மேலே ஏறி, கார் சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பில் மடங்கி உட்கார்ந்தது. எவ்வளவு இழுத்தும் சீட் கூத்தாடியது. இடது பக்கம் லாக் கட்டையாக, சீட்டின் இடுக்கில் ஆழமாக இருந்தது. ஆள் உட்கார்ந்து மாட்டுவதென்றால் விரல் தேய்ந்துபோகும். கார் சீட்டுக்கு அதுதான் பாக்கியம். முட்டியை வைத்து அழுத்தி, பெல்ட்டைச் சுருக்கி, பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினேன். ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஒரே காரில், ஒரே சீட்டில், மூன்று இடத்துக்கு மூன்று நியாயம். அதற்கு விலையாக முன்சீட்டை முன்னால் தள்ள வேண்டியிருந்தது, மாதனூர் வரை என் முட்டி டேஷ்போர்டில் இடித்தது. இடித்தால் இடிக்கட்டும் என்று உட்கார்ந்தேன்.

ஒரு வாரம் நன்றாகப் போனது. அடுத்த வாரம் ஒரு காலை, கம்பெனியில் இருக்கும்போது அவர் போன். “பாப்பாவுக்கு ஒன்னுமில்ல. பதறாத.” இப்படி ஆரம்பித்தால் யார்தான் பதறமாட்டார்கள்? பள்ளிகொண்டா தாண்டி, ஹைவேயில் எதிர்த்திசையில் சாவகாசமாக ஒரு வைக்கோல் டிராக்டர் வந்திருக்கிறது. பிரேக் அடித்திருக்கிறார். கார் எதிலும் மோதவில்லை. அவர் நெற்றி மட்டும் ஸ்டியரிங்கில் மோதியிருக்கிறது.

ஷேர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் கார். தம்பி போன் செய்ததும் மச்சாண்டார் பைக்கில் எனக்கு முன்பே வந்து, பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காவல் நின்றார். உள்ளே என் மகள் கார் சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வழியிலும் முழிக்கவே இல்லையாம். மச்சாண்டார் நான் கிழித்த இடத்தையும், அதிலிருந்து வந்த பெல்ட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாப்பாவை அவரிடம் விட்டுவிட்டு முன்கதவைத் திறந்தேன். டிரைவர் சீட்டில் பெல்ட் ஒழுங்காக லாக்கில் மாட்டியிருந்தது, முதுகு சாய்கிற பக்கமாக. பெல்ட் போடாவிட்டால் கத்துகிற கார் கத்தக் கூடாது என்று, என் வீட்டுக்காரர் முதலிலேயே மாட்டிவிட்டு, அதற்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டுவாராம். தினமும். நான் பக்கத்தில் இருக்கும்வரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, மாதனூரில் நான் இறங்கியதும் இந்த ஏற்பாடு.

நெற்றியில் கட்டோடு வெளியே வந்தவரிடம், “ஏங்க இப்படி?” என்றேன்.

“இஸ்திரி போட்ட சட்ட கசங்குதுல்ல” என்றார்.

தோலைக் கிழித்து, குடும்பத்தைப் பகைத்து, இஞ்ச் கணக்குப் பார்த்து பாப்பாவைக் கட்டிவைத்திருக்கிறேன். டிராக்டர் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தால், அந்த ஹைவேயில், அப்பா இல்லாத காரில், என் மகள் மட்டும் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்திருப்பாள். ஆஸ்பத்திரி வாசல் என்றுகூடப் பார்க்காமல் படிக்கட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் பயந்துபோய் என் தோளைத் தொட்டார்.

இப்போது மாதனூரில் இறங்கியதும் பாப்பாவின் சீட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு டிரைவர் பக்கம் சுற்றிப் போகிறேன். பெல்ட்டை அவர் மார்புக்குக் குறுக்கே இழுத்து, நானே லாக்கில் அழுத்தி, பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இரண்டு பேரும் அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் கேட்டுக்குள் போகிறேன்.