அலமாரி மேல் இருந்த இரண்டாம் பாகம்

மலேசியாவின் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிய வருஷம் இது நடந்தது. நாங்கள் இருப்பது தெப்ராவ் பக்கம், தொழிற்சாலைகளுக்கு அருகில் ஒரு குடியிருப்பில். அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். வயது நாற்பத்தொன்று. எனக்கு அது முதல் கல்யாணம், அவருக்கு இரண்டாவது.

அவருக்கு முதல் மனைவி மூலம் ஒரு மகள், பதினான்கு வயது. அவளுடைய அம்மா புற்றுநோயில் தவறி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் என்னை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுவாள். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சாப்பாடு வைத்தால் நன்றி சொல்வாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். சண்டையாவது போட்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். நம் ஆட்களிடம் 'சித்தி' என்ற சொல் எடுத்திருக்கும் பெயர் உங்களுக்குத் தெரியாததா? எங்கள் கல்யாணப் பந்தியிலேயே ஓர் அம்மா என் காதுபட "பாவம் அந்தப் புள்ள" என்றார். சோறு பரிமாறி முடிவதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

சனிக்கிழமைகளில் அவள் தொலைக்காட்சியில் ஒரு வீடியோ கேம் போடுவாள். சமையலறையிலிருந்து பார்த்தால் தெரியும். அடர்ந்த காடு, விடாத மழை, ஒரு பெரிய இலைக்கு அடியில் எறும்புத்தின்னி ஒன்று குட்டியை வாலில் சுமந்தபடி தூங்கிக்கொண்டிருக்கும். இங்கே நாம் தெங்கிலிங் என்போமே, அதுதான். அந்த மழைச் சத்தம் அவ்வளவு நிஜமாக இருக்கும். இரண்டு முறை துணி எடுக்க வெளியே ஓடியிருக்கிறேன். பத்து நிமிஷம் கழித்து அணைத்துவிடுவாள். கொஞ்சம் கொஞ்சமாக விளையாடுகிற பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் கேம் விற்கும் கடைக்குப் போய், தெங்கிலிங் வருகிற ஆட்டம் என்று சொன்னேன். இரண்டாம் பாகம் வந்துவிட்டது, முதல் பாகத்தைவிட அழகு, விளையாடுகிறவர்கள் அழுதுவிடுகிறார்கள் என்று கடைக்காரர் மலாயில் சொன்னார். அட்டையில் குட்டி மட்டும் தனியாக ஒரு மலைமுகட்டில் நின்றது. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்தேனே தவிர, தாய் எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வாங்கி வந்து பரிசுத்தாள் சுற்றிக் கொடுத்தேன். அவள் தாளைப் பிரித்தாள். அட்டைப் படத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி. ஆனா ரெண்டாம் பாகம் எனக்கு வேணாம்."

கூடத்து அலமாரியின் மேல் அதை வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் கேமைத்தான் சொன்னாள், ஆனால் வீட்டுக்கு வந்த இரண்டாம் பாகம் நானும்தானே.

எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். தொழிற்சாலையில் பதினான்கு வருஷமாகத் தரம் பார்க்கும் வேலை. மின்னணுப் பலகைகளை உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்து, சரியில்லாததைப் பிரித்தெடுக்க வேண்டும். ஒன்று சரிவரவில்லை என்றால் அதைக் குடைந்து பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. முதல் பாகத்தை விளையாடக் கற்றுக்கொண்டு, பிறகு இரண்டாம் பாகத்தைச் சேர்ந்து விளையாடலாமா என்று அவளிடம் கேட்பது என்று முடிவு செய்தேன்.

அந்த இரண்டு வாரமும் எனக்குப் பிற்பகல் ஷிப்ட். கணவர் விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவார். அவள் பள்ளி வேனில் போவாள். இரண்டு மணிக்குத் தொழிற்சாலை பஸ் வரும்வரை வீட்டில் நான் மட்டும்தான். திங்கட்கிழமை பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு ஆட்டத்தைப் போட்டேன். 'தொடர்க' என்று இருந்தது, அழுத்தினேன். இலைக்கு அடியில் இருந்த தெங்கிலிங் கண் விழித்தது.

அங்கிருந்து ஓர் ஆற்றைத் தாண்ட வேண்டும். மிதந்து வரும் கட்டைகளில் ஒவ்வொன்றாகத் தாவ வேண்டும். இடது கட்டைவிரல் நடப்பதற்கு, வலது கட்டைவிரல் தாவுவதற்கு. கேட்டால் சுலபம். நான் முதல் கட்டைக்கே போகாமல் தண்ணீரில் விழுந்தேன். ஆனால் அந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம், விழுந்ததற்கு அது திட்டுவதில்லை. தோற்றாய் என்று எழுதிக் காட்டுவதில்லை. தெங்கிலிங் பந்தாகச் சுருண்டு, உருண்டு, பழையபடி இலைக்கு அடியில் வந்து எழுந்து நிற்கும். எங்கள் மேலாளருக்கு இந்தப் பொறுமையில் பாதி இருந்தால் போதும்.

இன்னொன்றும் இருந்தது. அவசரமாக ஓடினால் குட்டி வாலிலிருந்து நழுவிவிடும். நின்று, வாலைத் தாழ்த்தி, அது ஏறும்வரை காத்திருந்துதான் அடுத்த தாவல். இது எனக்குப் புரியவே ஒரு வாரம் ஆயிற்று. இந்த மாதிரி விளையாட்டென்றால் சுடுவதும் வெட்டுவதும்தான் என்று நினைத்திருந்தவள் நான். ஒரு குட்டி வாலில் ஏறுவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தாவது நாள், வெள்ளிக்கிழமை, ஆற்றைத் தாண்டிவிட்டேன். தனியாகக் கைதட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்தது என் கையில் இல்லை. கரை உயரமாக இருந்தது. தாய் வாலால் குட்டியைத் தூக்கிக் கரைமேல் தள்ளிவிட்டது. அது நின்றிருந்த கட்டை உடைந்தது. ஆறு அதை இழுத்துக்கொண்டு போயிற்று. திரை மெல்ல வெளுத்து, பாட்டு வந்து, பெயர்கள் ஓடின. அடுப்பில் இருந்த பருப்பு தீய்ந்த வாசனை வரும்வரை அழுதுகொண்டிருந்தேன்.

பிறகு, பிள்ளையின் ஆட்டத்தைப் பழைய இடத்திலேயே விட்டுவிடலாம் என்று மறுபடி 'தொடர்க' அழுத்தினேன். இலைக்கு அடியில் யாரும் இல்லை. அக்கரையில் குட்டி மட்டும் நின்றது. அரைமணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தேன். நாம் போன இடத்தை ஆட்டம் தானாகவே பதிந்துகொள்ளும், பழைய இடம் அழிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கணவருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அத நீ ஏன் தொட்ட? அது அவ அம்மா விட்ட எடம். கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி அங்கதான் நிறுத்துனா. புள்ள அதுக்கு மேல வெளையாடாது. சும்மா போட்டுப் பாத்துக்கும்."

"இத ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொல்லணும்னு தோணல. சரி விடு, மெஷின் கெட்டுப் போச்சுன்னு சொல்லிக்கலாம் லா."

அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு நேரமில்லை. மணி பன்னிரண்டு. இரண்டு மணிக்கு எனக்கு பஸ், இரண்டரைக்கு அவள் வந்துவிடுவாள். இரண்டு வருஷமாக அந்தப் பிள்ளை தன் அம்மாவைத் தூங்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை நான் துடைத்துப் போட்டிருந்தேன். கணவர் சொன்ன பொய்யை நானும் யோசித்துப் பார்த்தேன். மெஷின்தானே, நம்பிவிடுவாள்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. பழுதான பலகையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, என்ன பழுது, யார் கைபட்டது என்று எழுத வேண்டும். நம் கையால் நடந்த தவறென்றால், அடுத்தவர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் நாமே ஒட்டிவிட வேண்டும். பதினான்கு வருஷத்தில் எத்தனையோ முறை ஒட்டியிருக்கிறேன். பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து எழுதினேன்: "ஆற்றைத் தாண்டிவிட்டேன். அம்மா விட்ட இடம் அழிந்துவிட்டது. திரும்பக் கொண்டுவரத் தெரியவில்லை. செய்தது நான்." கேம் பெட்டியின் மேல் ஒட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

வேலை முடிந்து நான் வந்தபோது அவள் அறை சாத்தியிருந்தது. மறுநாள் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. ஒரு பயணப் பை வெளியே வந்து கூடத்தில் உட்கார்ந்தது. யோங் பெங்கில் இருக்கும் தாய்மாமாவுக்கு அவள் முந்தின நாளே போன் செய்திருக்கிறாள்.

"மாமா பன்னெண்டு மணிக்கு வர்றாராம். இனிமே அங்கயே இருந்து படிக்கிறேங்குது." கணவர் என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, சுத்தமாக இருந்த மோட்டார் சைக்கிளைக் கழுவப் போய்விட்டார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தோசைக் கல்லை அடுப்பில் வைத்தேன். அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். விரல் நுனியில் அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எப்படித் தாண்டுனீங்க?"

நான் எதிர்பார்த்த கேள்வி இதில்லை.

"மூணாவது கட்டையில நின்னுடணும்மா. குட்டி ஏறுற வரைக்கும் அசையாம நிக்கணும். ஒம்பது நாளும் விழுந்தேன்."

"அம்மா மூணு மாசம் ட்ரை பண்ணாங்க. மருந்துனால கை நடுங்கும். நான் தாண்டிக் குடுக்கறேன்னு சொன்னேன், விடல." சற்று நின்று, "முடிவு பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்."

"எனக்குத் தெரியும். ஸ்கூல்ல எல்லாரும் சொல்லிட்டாங்க. ஆனா நான் பாக்கல." ஸ்டிக்கரை மடித்தாள், பிரித்தாள். "சொல்லுங்க, எப்படி இருந்துச்சு?"

அடுப்பை அணைத்தேன். கரை உயரமாக இருந்ததை, வாலால் தூக்கிவிட்டதை, கட்டை உடைந்ததை, ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கூட்டாமல் சொன்னேன்.

"அது திரும்பிப் பாத்துச்சா?"

"பாத்துச்சு. ஒரு தடவ. குட்டி கரையில நல்லா நிக்குதான்னு பாத்துச்சு."

அவள் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்து அழுதாள். தொடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். "கேக்காம தொட்டது என் தப்பு" என்றேன். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாவா இருந்தா மெஷின் கெட்டுப் போச்சுன்னு சொல்லியிருப்பாரு."

அவள் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அலமாரி மேலிருந்த பெட்டியை எடுத்து பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள். வா என்று அவள் கூப்பிடவில்லை. ஆனால் சோபாவில் ஓர் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தாள்.

இரண்டாம் பாகம் அந்தக் கரையிலேயே தொடங்கியது. பாட்டு இல்லை, ஆற்றுச் சத்தம் மட்டும். குட்டி எழுந்து நடக்க ஆரம்பித்தபோது தன் வாலைத் தாழ்த்திக்கொண்டு நடந்தது, தாய் நடந்த மாதிரியே. அதில் ஏற யாரும் இல்லை. முதல் பள்ளம் வந்தது, அவள் தாவினாள், விழுந்தாள். நான் கன்ட்ரோலரை வாங்கித் தாவினேன், விழுந்தேன். பத்து நாள் கற்ற வித்தை ஒன்றும் பலிக்கவில்லை.

"அம்மா தாவுற தூரம் இதுக்கு வராது ஆன்ட்டி. இது இன்னும் சின்னது."

கொஞ்ச நேரம் விழுந்துகொண்டே இருந்தோம். நான் என்ன தைரியத்தில் கேட்டேனோ தெரியவில்லை. "இதுல சித்தி யாராச்சும் வருவாங்களா?"

"வந்தா அதுதான் வில்லன் லா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்கிறது. திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்துவிட்டது. எட்டு மாதத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் முறை. வெளியே தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு என்னமோ ஏதோ என்று கணவர் எட்டிப் பார்த்தார்.

சொன்னபடி பன்னிரண்டு மணிக்கு மாமா வந்தார். கையில் கார் சாவியோடு கூடத்தில் இருந்த பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "மாமா, இந்தப் பள்ளத்த மட்டும் தாண்டிட்டு வர்றேன்" என்றாள். உட்கார்ந்தார். தோசை சுட்டுக் கொடுத்தேன், சாப்பிட்டார். பள்ளத்துக்குப் பின் ஒரு பாறை, பாறைக்குப் பின் ஒரு பாலம். ஒன்றரை மணிக்கு அவர் எழுந்தார்.

"நான் கெளம்பறேன் ஆயி. நீ முடிச்சுட்டு எப்ப வரணும்னு தோணுதோ அப்ப போன் பண்ணு" என்று மருமகளிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். வாசல் கேட் வரை நான் போனேன். அதுவரை அவர் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. காரில் ஏறும்போது, "தோச நல்லா இருந்துச்சு தங்கச்சி" என்றார். தன் உடன்பிறந்தவளைப் பறிகொடுத்தவர் அந்தச் சொல்லை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டுப் போனார்.

அந்த ஆட்டத்தை முடிக்க எங்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று. முடிவைச் சொல்ல மாட்டேன், நீங்களே விளையாடிப் பாருங்கள். இந்த வயதில் இதில் அப்படி என்ன இருக்கிறது என்று வேலையிடத்தில் கேட்கிறார்கள். படம் அழகு, பாட்டு அழகு, விழுந்தால் திட்டாது என்றெல்லாம் சொல்வேன். எல்லாம் உண்மைதான். ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு. ஏதாவது மாயம் செய்து தாயைத் திரும்பக் கொண்டுவந்து அது நம்மைச் சமாதானப்படுத்தவில்லை. தாயை மறந்துவிட்டு ஓடு என்று குட்டியை விரட்டவும் இல்லை. குட்டி தனக்கு வருகிற தூரத்தைத் தாவிக்கொண்டு போகிறது, நாமும் அதன் கூடவே விழுந்து எழுகிறோம்.

அவள் இன்றும் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கு அதில் குறையில்லை. முதல் பாகத்தில் தொலைந்தது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறவர்களுக்கு இரண்டாம் பாகத்தில் உட்கார ஓர் ஓரம் கிடைக்கும் என்பதை, அந்தச் சனிக்கிழமை என் வீட்டு சோபாவில்தான் நான் தெரிந்துகொண்டேன்.