தூள் போடாத இறைச்சி

இரண்டு கத்திகள் ஒரே பலகையில் மாறி மாறி விழும் சத்தம் எங்கேயாவது கேட்டால் இன்றைக்கும் நான் எழும்பி அப்பால் போய்விடுவேன். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், சாவகச்சேரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக் குசினியில், எலும்பு நீக்கிய இறைச்சியைப் பலகையில் பரப்பி, இரண்டு கையிலும் கத்தி பிடித்து, அது குறுணல் அரிசி அளவுக்கு வரும்வரை விடாமல் கொத்திக்கொண்டிருந்தவர் என்னைப் பெற்ற அம்மா. பெற்றவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அம்மா என்று அவரை நான் கூப்பிட்டதில்லை.

அப்பா ஷெல் விழுந்து செத்தபோது எனக்கு இரண்டு வயது. அதற்கு அடுத்த வருடமே அம்மா என்னைத் தன் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு இத்தாலிக்குப் போய், பலெர்மோவில் ஒரு வீட்டில் சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் சேர்ந்துகொண்டார். சின்னம்மா கலியாணம் செய்யவில்லை. வந்த சம்பந்தங்களை என்னைக் காட்டியே தட்டிக்கழித்தார். எனக்குத் தலை இழுத்துப் பின்னியதும், காய்ச்சலுக்குப் பக்கத்தில் கிடந்ததும், சண்டை வந்து ஊரே ஓடியபோது தூக்கிக்கொண்டு ஓடியதும் அவர்தான். ஆகவே நான் ‘அம்மா’ என்று கூப்பிட்டது சின்னம்மாவை. தொலைபேசியில் மாதம் ஒருமுறை அழுதுகொண்டு கதைக்கிறவருக்கு எங்கள் வீட்டில் ‘இத்தாலியம்மா’ என்று பெயர்.

சமாதானம் என்று சொல்லி, சண்டையில் மூடிக் கிடந்த ஏ-ஒன்பது பாதையைத் திறந்தபோது அந்த இத்தாலியம்மா ஒரு பெரிய சூட்கேசுடன் வந்து இறங்கினார். படத்தில் பார்த்ததைவிடப் பாதி உடம்பாக இருந்தார். லீவில் வந்திருக்கிறார் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டது என்று அங்கே டாக்குத்தர்மார் கைவிட்டது சின்னம்மாவுக்கே முழுதாகத் தெரியாது. போவதற்குள் நான் அவருடைய கையால் ஒரு வாய் வாங்கித் தின்னவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக நான் காணவில்லை. புட்டைக் குழைத்து நீட்டினார், மாம்பழத்தை நறுக்கி நீட்டினார். நான் வாயை இறுக்கிக்கொண்டு சின்னம்மாவின் பின்னால் போய் நின்றேன். எனக்கு அது ஒரு விளையாட்டாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, இவர் என்னைக் கொண்டுபோய்விடுவார் என்ற பயமாகவும் இருந்தது.

கடைசியில் சூட்கேசிலிருந்த பாஸ்தா பக்கெற்றுகளை எடுத்துவைத்து, இதற்கு ஒரு இறைச்சிச் சோஸ் செய்து தருகிறேன், தின்னாத பிள்ளையும் தின்னும் என்றார். ஊரில் ஆடு அடித்துப் பங்கு போடும்போது எலும்பு, ஈரல், குடல் எல்லாம் கலந்துதான் பங்கு வரும். தனிச் சதையாக வேண்டும் என்று கேட்டால் சிரிப்பார்கள். அதனால் அந்த ஞாயிறு விடியவே என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிச் சாவகச்சேரிச் சந்தைக்குப் போனார். அங்கே ஆட்டிறைச்சிக் கடையும் மாட்டிறைச்சிக் கடையும் நாலைந்து கடை தள்ளி ஒரே வரிசையில் இருந்தன. அம்மா ஆட்டிறைச்சிக் கடையில், ஆட்டின் பின்தொடையில், என் கண்முன்னே வெட்டுவித்து வாங்கினார். இதை நான் இப்படி அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு கதை சொன்னார். “அங்க மாட்டையும் பண்டியையும் கலந்துதான் செய்யிறவை, பிள்ளை. நாங்கள் ஆட்டிலை செய்வம். அந்த வீட்டிலை உன்ரை வயசிலை ஒரு பெட்டை இருக்கிறாள். நான் சமைச்சால் ஒரு கோப்பை முடிச்சு, இன்னொரு கோப்பை கேப்பாள். என்ரை கையாலைதான் தீத்தவேணும் அவளுக்கு.” என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார். எனக்கோ பற்றி எரிந்தது. அவரை வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்த நான், அவருடைய கையால் வேறொரு பெட்டை தின்கிறாள் என்றதும் பொறுக்கமுடியாமல் கையை இழுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கொத்தத் தொடங்கியவர் மத்தியானம்வரை அடுப்பை விட்டு எழும்பவில்லை. வெங்காயத்தையும் கரட்டையும் பொடியாக அரிந்து, எண்ணெயில் அவை கரைந்து நிறம் மாறும்வரை பொறுமையாக வதக்கி, இறைச்சியைப் போட்டுத் தண்ணீர் வற்றிப் பொரிகிற சத்தம் வந்தபின், சுடுநீரில் போட்டுத் தோல் உரித்த தக்காளிகளைக் கையால் பிசைந்து ஊற்றி, விறகை வெளியே இழுத்து, ஒரு கொள்ளி மட்டும் எரிய விட்டு, மூன்று மணித்தியாலம் கிளறிக்கொண்டிருந்தார். தேங்காய்ப் பால் இல்லை, கறிவேப்பிலை இல்லை, மிளகாய்த் தூள் இல்லை. சின்னம்மா வாசலில் நின்று, “தூள் போடாத இறைச்சியை ஆசுப்பத்திரியிலைதான் குடுப்பினம்” என்று வாயை நெளித்தார். அம்மா சிரித்தார். அவர் வந்தபிறகு இருவரும் சேர்ந்து சிரித்து நான் கண்டது அன்றுதான். மணம் முற்றம் முழுக்கப் பரவியிருந்தது. எனக்கு வாயூறியது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

அவித்த பாஸ்தாவில் சோஸை ஊற்றிப் பிசைந்து, அம்மா ஒரு வாய் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“நான் தின்னமாட்டன்” என்றேன். “உது மாட்டிறைச்சி.”

மாடு எங்கள் வீட்டுப் படலைக்குள் வராத இறைச்சி. சின்னம்மா கையில் எடுத்த சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே கீழே வைத்தார். “ஆர் சொன்னது?”

“நான் கண்டனான். மாட்டிறைச்சிக் கடையிலைதான் வாங்கினவ. அங்கையும் மாடுதான் சமைக்கிறனான் எண்டு பஸ்ஸிலை சொன்னவ.”

“இல்லையடி, ஆடுதான்” என்றார் அம்மா, சின்னம்மாவைப் பார்த்து. சின்னம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாமியறைக்குள் போய்த் தட்டில் கற்பூரம் கொளுத்திக்கொண்டு வந்தார். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சில்லை. பொய்ச் சத்தியம் செய்தால் கண் போகும், வருடம் திரும்பமுன் உயிர் போகும் என்று ஊரே நம்பியது. இத்தனை வருடம் பலெர்மோவில் இருந்த அம்மாவும் அதை நம்பினார்.

“அணைச்சுச் சொல்லு பிள்ளை, நீ கண்டனியோ?” என்றார் சின்னம்மா.

நான் கையை ஓங்கினேன். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் அணைத்திருப்பேன், அவ்வளவு வீம்பு எனக்கு. சோஸ் பிசைந்த சிவப்பு ஒட்டியிருந்த கையால் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “பிள்ளையை விடு” என்றார். “மாடுதான். எனக்கு அங்க பழகிப்போச்சு.”

சின்னம்மா அந்தச் சட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் உடைத்தார். குசினியை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினார். அன்றிலிருந்து அம்மாவுக்கு வேறு கோப்பை, வேறு செம்பு. சாப்பாடு வெளியே மாமரத்தடிக் கொட்டிலில். சின்னம்மா கொடுமைக்காரி அல்ல. நோய் இன்னதென்று தெரிந்தபிறகு அம்மாவைக் குளிப்பாட்டினார், வயிறு குமட்டி எடுத்த சத்தியை அள்ளினார், கால் பிடித்துவிட்டார். ஆனால் குசினி வாசலை மட்டும் அக்காவுக்குத் திறக்கவில்லை. நாலாம் மாதம் அம்மா செத்துப்போனார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுதுவது சுலபம்.

எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள் ‘எட்டுச்செலவு’ என்று, செத்தவர் விரும்பித் தின்றதையெல்லாம், மீனோ இறைச்சியோ, சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பார்கள். சின்னம்மா நண்டுக் கறியும் பொரித்த மீனும் வைத்தார்; அக்கா சின்ன வயதில் விரும்பியவை. அயல் வீட்டு மனுசி ஒருவர், “இத்தாலியிலை பழகினது ஏதும் வைக்கேல்லையோ?” என்று கேட்டார். “உதை இஞ்ச கதையாதையுங்கோ” என்றார் சின்னம்மா. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் செத்தவருக்கு இறைச்சி படைக்கிற நாள் கிடையாது.

இப்போது சாவகச்சேரியிலேயே பாஸ்தா கிடைக்கிறது, போத்தலில் அடைத்த சோஸ் கிடைக்கிறது, கொத்திய இறைச்சியும் கேட்டால் தருகிறார்கள். அம்மா இறைச்சி வாங்கிய கடை இருந்த இடத்தில் ஒரு கைத்தொலைபேசிக் கடை இருக்கிறது. அந்தக் கொட்டிலும் இல்லை. கற்பூரம் கொளுத்திச் சத்தியம் கேட்கிற வழக்கமும் எங்கள் பக்கத்தில் அருகிவிட்டது. என் பிள்ளைகள் பொய் சொன்னால் நானே சத்தியம் கேட்பதில்லை. கிழவியாகிவிட்ட சின்னம்மா என்னுடன்தான் இருக்கிறார். இன்னமும் அவரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன்.

தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கிற சித்திரா பௌர்ணமியன்று, இந்த வருடம், விரதச் சோற்றைத் தின்று முடித்தபின் அவரிடம் சொல்லிவிட்டேன். அது ஆடுதான், நான் சொன்னது பொய் என்றேன். அவர் இலையை மடித்துவைத்தார்.

“நீ சொன்னதை நான் அண்டைக்கு நம்பேல்லைப் பிள்ளை. அதாலைதான் கற்பூரம் கொளுத்தினனான். அக்கா தன்ரை வாயாலை சொன்னதைத்தான் நம்பினனான்” என்றார். பிறகு, “நாலு மாசம் அவவை நான் குசினிக்குள்ளை விடேல்லையே” என்றார்.

அன்று பின்னேரம் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே மாமரத்தடிக்குப் போனவர் இன்றுவரை எங்கள் குசினிக்குள் கால் வைக்கவில்லை. கூப்பிட்டும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். மூன்று வேளையும் சாப்பாட்டை நான்தான் வெளியே கொண்டுபோய் வைக்கிறேன்.