ஐஸ் போக எடை

பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலின் பின்வாசலில் எனக்கு வேலை. வண்டிகளில் வந்து இறங்கும் காய்கறி, மளிகை, இறைச்சி எல்லாவற்றையும் எடைபோட்டு, தரம் பார்த்து உள்ளே அனுப்ப வேண்டும். வேலை வாங்கிக்கொடுத்தவர் அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்த, எங்கள் ஊரான சாம்பியன் ரீப்ஸ்காரர். பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பில் என் வீட்டுக்கு இரண்டு லைன் தள்ளி அவர் வீடு. அப்பா போன பிறகு தனியாக நின்ற எனக்காக மேலாளரிடம் பேசியவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

விடியற்காலை ரயிலில் ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரே பெட்டியில் போவோம். ரயில் புறப்படும் மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்கள் எங்களுக்கு இடம் போட்டு வைப்பார்கள். பங்காருபேட்டை வருவதற்குள் யாராவது இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவார்கள்.

சரக்குக் கொண்டுவருகிறவர்களிடம் ஒரு டீகூடக் குடிக்கக் கூடாது என்று சேர்ந்த அன்றே மேலாளர் சொல்லியிருந்தார். டிரைவர்கள் சேர்ந்து டீ குடிக்கும்போது நான் தராசுக்குப் பக்கத்தில் தனியாக நிற்பேன். தீபாவளிக்கு வந்த இனிப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகு, வேலைக்கு மேல் அவர்கள் என்னிடம் பேசுவதில்லை.

மீன் மட்டும் அண்ணாவின் பொறுப்பு. அந்த வாடை எனக்கு வேண்டாம் என்று அவரே ஏற்றுக்கொண்டார். பாசம் என்று நினைத்தேன்.

வேலூரில் சொந்தக்காரர் கல்யாணம் என்று அவர் லீவு போட்ட அன்றைக்கு இறால் வந்தது. பெட்டிகளைத் துளை போட்ட தட்டில் கவிழ்த்து, ஐஸைத் தள்ளி, தண்ணீர் வடிந்த பிறகு எடைபோட்டேன். பில்லில் இருந்ததைவிடக் கால்வாசி குறைந்தது.

“அண்ணன் பெட்டியோடதான் போடுவாரு, மேடம்” என்றார் டிரைவர்.

அவர் பொய் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எடையை மட்டும் மேலாளரிடம் சொன்னேன். இத்தனை நாள் மீனை எடைபோட்டது யார் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ரயிலில் அண்ணா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் கறுத்திருந்தது.

“புதுசு, தெரியாம எடைபோட்டுட்டேன்னு சொல்லிடும்மா. அவ்ளோதான்.”

“வடிய வச்சு நான்தாண்ணா போட்டேன். எப்பிடி மாத்திச் சொல்றது?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நம்ம ஊருப் பொண்ணுன்னுதான் உன்ன சேத்தேன்” என்றார்.

மேலாளர் விசாரித்தபோது, அண்ணாவுக்குப் பங்கு கொடுத்து வந்ததை மீன் வியாபாரி ஒப்புக்கொண்டார். அண்ணாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது மீன் வந்தால் ஐஸை வடித்து, இரண்டு பேர் நின்று எடைபோடுகிறோம்.

ரயிலில் யாரும் என்னிடம் சண்டை பிடிக்கவில்லை. இடம் போட்டு வைப்பது மட்டும் நின்றது. நான் பக்கத்தில் போனால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். இட்லிப் பொட்டலம் என்னைத் தாண்டிக் கைமாறும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாவின் மனைவி வீட்டுக்கு வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

“ஆளுக்கு ஒண்ணு சொல்லிக்கினு கீறாங்க. அவரு வாயே தொறக்கல. நெசமா எடுத்தாரா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் நம்பியும் இருப்பார்.

“ஆமா அண்ணி.”

“நீயாச்சும் சொல்லுவேன்னுதான் வந்தேன்” என்றார். காப்பி போடுகிறேன் என்றேன். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். வாசலில் நின்று, அவர் லைன் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு ஊர்க்காரர் யாரும் வரவில்லை.

அண்ணா இப்போது பங்காருபேட்டையில் ஒரு கல்யாணச் சமையல்காரரிடம் இருக்கிறார். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் ஏதாவது ஒரு கடைப்பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் இல்லையென்றால் எனக்கு அந்த வேலையே இல்லை. அதை நான் மறந்ததில்லை. அவரிடம் போய்ச் சொல்லத்தான் வழியில்லை.

நான் பெண்கள் பெட்டிக்கு மாறிவிட்டேன். மாலூரில் ஒரு கன்னட டீச்சர் ஏறுகிறார். ஜன்னலைச் சாத்தட்டுமா என்று சில நாள் கேட்பார். சரி என்பதோடு விட்டுவிடலாம். நான் மழை வருமா என்று கேட்பேன், குழந்தைகளுக்குப் பரீட்சை எப்போது என்று கேட்பேன். அவர் புத்தகத்தை எடுக்கும்வரை ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பேன்.